குத்துக்கல்லை நின்ற இடத்திலேயே விடுங்கள்: எங்கள் ஊர்க் கிராம சபைக்கு ஒரு திறந்த மடல்

ஊர்ப் பெரியவர்களுக்கும், மகளிர் குழு அக்காமார்களுக்கும், இளைஞர் மன்றத்துத் தம்பிகளுக்கும் வணக்கம்.

மேலக்கொல்லைக் குத்துக்கல்லைப் பெயர்த்து வந்து பஸ் ஸ்டாப் எதிரில் மேடை கட்டி நிறுத்தப் போகிறீர்கள் என்று தம்பி போனில் சொன்னான். வண்டிப்பாதை தார் ரோடாகப் போகிறது, கல் வழியில் நிற்கிறது, எப்படியும் நகர்த்தத்தான் வேண்டும், நாலு பேர் பார்க்கிற இடத்தில் வைத்தால் ஊருக்கும் பெருமை என்று பேச்சாம். டைல்ஸ் ஒட்டிய மேடை, சுற்றிலும் எவர்சில்வர் கம்பி, இரவுக்கு போகஸ் லைட், '5000 ஆண்டு பழமையான புதிய கற்கால நினைவுச் சின்னம்' என்று ஒரு பலகை. செலவுக்கு, ஓசூரில் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் ஆளுக்கு ஐயாயிரம் போடுவதாக ஒத்துக்கொண்டிருக்கிறார்களாம். அந்தப் பட்டியலில் என் பெயரும் இருக்கிறது.

ஐயாயிரம் தருகிறேன். கல்லை நகர்த்துவதற்கு மட்டும் தரமாட்டேன். ஏன் என்று சொல்லத்தான் இந்த மடல். நம் ஊருக்குள் மட்டும் பேசி முடிக்காமல் வெளியே எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கம் கரடும் கொல்லையுமாக இருக்கிற எத்தனையோ ஊர்களில் இப்படி ஒரு கல் நிற்கிறது. அங்கெல்லாம் இதே நல்லெண்ணம் இதே ஜேசிபியோடு வந்து சேரும்.

முதலில் என் குற்றத்தை ஒத்துக்கொள்கிறேன். கல்லின் தெற்கு முகத்தில் இடுப்பு உயரத்துக்கு வெள்ளையாக மூன்று கோடு தெரியும், பார்த்திருப்பீர்கள். சாமிக்குப் போட்ட நாமம் என்று போன வருடம் ஒரு பையன் எனக்கே விளக்கம் சொன்னான். நாமமும் இல்லை, பட்டையும் இல்லை. அது கிரிக்கெட் ஸ்டம்ப். எட்டாவது படிக்கும்போது நாங்கள் போட்டது. கரியில் போட்டால் மழைக்கு அழிகிறது என்று, பள்ளிக்கூடக் கதவுக்கு அடித்தது போக மிஞ்சிய எனாமல் பெயின்ட்டை எடுத்து வந்து போட்டோம். நடுக்கோடு என் கை. பெரியவனாகி வெட்கம் வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தின்னரும் கம்பி பிரஷ்ஷுமாகப் போய்த் தேய்த்தேன். பெயின்ட் கல்லின் துளைக்குள் இன்னும் ஆழமாக இறங்கியதுதான் மிச்சம். பிரஷ் பட்ட இடத்தில் கல்லின் மேல்தோலும் போய் இன்றைக்கும் வெளிறிக் கிடக்கிறது. நல்லது செய்யப் போய்க் கெடுப்பது எப்படி என்று அந்த ஒரு சாண் இடத்தில் நான் படித்துக்கொண்டேன். அகநானூற்றில் ஒரு பாட்டு உண்டு: வழிப்பறி மறவர்கள் அம்பைத் தீட்டித் தீட்டி நடுகல்லின் பக்கமே தேய்ந்து மெலிந்திருக்கும், எழுத்து அரைகுறையாகத்தான் தெரியும். அவர்களுக்கு அடுத்த வரிசையில் நான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வெளியே தெரிகிற கல் 11 அடி 4 அங்குலம். நானே டேப் பிடித்து அளந்தேன். அகலம் அஞ்சடி, கனம் ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேல். பலகை மாதிரி உரித்தெடுத்த கல். இவ்வளவு உயரம் இத்தனை காலம் காற்றுக்கும் மழைக்கும் சாயாமல் நிற்கிறது என்றால் மண்ணுக்குள் நல்ல ஆழத்துக்கு இறங்கியிருக்க வேண்டும். நிறுத்தியவர்கள் குழி வெட்டி, கல்லை இறக்கி, சுற்றிலும் சின்னக் கற்களைச் செருகி, மண்ணைக் கெட்டித்திருப்பார்கள். நாம் பந்தக்கால் நடுகிற அதே வேலைதான், அளவு பெரிது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கல்லுக்கு வயது பார்க்க முடியாது. பாறை உருவாகிப் பல கோடி ஆண்டு ஆகியிருக்கும். அந்தக் கணக்கு நமக்கு உதவாது. வயது குழிக்குத்தான். கல்லை இறக்கிய அன்று அந்தக் குழிக்குள் விழுந்த ஒரு துண்டு அடுப்புக்கரி கிடைத்தால் அதை வைத்துக் காலம் சொல்லுவார்கள். கரி இல்லாவிட்டால் அடிமண்ணை இருட்டிலேயே எடுத்துப் போய், அந்த மணல் கடைசியாக வெயில் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று என்று கணக்கிடுகிற முறையும் இருக்கிறது. ஆக, நம் கல்லின் ஜாதகம் கல்லில் இல்லை, அது நிற்கிற மண்ணில் இருக்கிறது. ஜேசிபி ஒரு தடவை கை வைத்தால் அந்த மண் புரண்டுவிடும். அரை மணி நேர வேலை. அதற்கப்புறம் உலகத்தில் எந்த ஆய்வகத்தாலும் அதன் வயதைச் சொல்ல முடியாது. பஸ் ஸ்டாப் எதிரில் நிற்பது கிரானைட் லாரியிலிருந்து இறக்கிய பலகைக்கல் மாதிரிதான்.

இதே மாவட்டத்தில் மயிலாடும்பாறையில் என்ன நடந்தது என்று பாருங்கள். 2021-இல் தமிழ்நாடு தொல்லியல் துறை தோண்டியது. அங்கே கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022 மே மாதம் சட்டமன்றத்திலேயே முதலமைச்சர் அறிவித்தார். நம் கரடு மாதிரியே ஒரு கரடு, நம் கொல்லை மாதிரியே ஒரு கொல்லை. அந்த மண்ணை அதற்கு முன்னால் யாரும் லெவல் பண்ணித் தளம் போடாததால்தான் அந்த ஆண்டுக்கணக்கு நமக்குக் கிடைத்தது.

அந்தப் பலகையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 'புதிய கற்காலம்', '5000' இரண்டையும் எழுத வேண்டாம். புதிய கற்காலம் என்பது வழவழப்பாகத் தேய்த்த கற்கோடாரி, கையால் வனைந்த பானை, ஆடுமாடு, தினை விதைப்பு என்று மனிதன் ஓரிடத்தில் தங்கத் தொடங்கிய காலம். நம் பகுதியில் அது இருந்தது நிச்சயம். பக்கத்திலே பையம்பள்ளியில் 1960-களில் மத்தியத் தொல்லியல் துறை தோண்டி எடுத்திருக்கிறது. சேர்வராயன் மலையிலும் சவ்வாது மலையிலும் அந்தக் காலத்துக் கோடாரிகளைக் கோயில்களில் வைத்து இன்றைக்கும் கும்பிடுகிறார்கள். ஆனால் தமிழ்நாட்டில் இப்படி நெட்டுக்குத்தாக நிறுத்திய கற்கள் பெரும்பாலும் அதற்கு அடுத்து வந்த இரும்புக் காலத்தவை, செத்தவர்களுக்காக எடுத்தவை. மல்லச்சந்திரம் மலைமேல் பலகைக் கற்களால் அறை மாதிரி எடுத்திருக்கிற 'பாண்டவர் வீடுகளும்' அந்த வரிசைதான். மயிலாடும்பாறைக்குப் பிறகு இரும்பின் காலமே இன்னும் பழமையானதாகிவிட்டதால் புதிய கற்காலம் எங்கே முடிந்தது என்ற எல்லையும் நகர்ந்திருக்கிறது. தோண்டிப் பார்க்காமல் கிரானைட்டில் ஒரு எண்ணை வெட்டிவிட்டால், நாளைக்கு வேறு எண் வரும்போது பலகையை உடைக்க யாருக்கும் மனசு வராது. 'பழங்காலத்துக் குத்துக்கல், தொடாதீர்கள்' என்று எழுதினால் போதும். அதில் பொய் இல்லை.

போன வருடம் குடும்பத்தோடு மந்திராலயம் போனோம். திரும்புகிற வழியில் ராய்ச்சூரிலிருந்து ஒரு நாளை ஒதுக்கி முடுமாலுக்குப் போய் வந்தேன். தெலங்கானாவில் நாராயணபேட்டை மாவட்டம், கிருஷ்ணை ஆற்றங்கரை. அங்கே பத்து முதல் பதினாலு அடி உயரத்தில் சுமார் 80 குத்துக்கற்கள் நிற்கின்றன. அவற்றோடு ஒன்றிரண்டு அடி உயரத்தில் வரிசை பிடித்து நட்ட சிறு கற்கள் ஏறக்குறைய 3000. மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுக்குக் குறையாது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். பகலும் இரவும் சமமாக வருகிற நாளிலும், பகல் நீண்டும் குறுகியும் வருகிற நாட்களிலும் சூரியன் உதிக்கிற, மறைகிற திசையோடு சில வரிசைகள் பொருந்துகின்றன என்பது ஹைதராபாத் பல்கலைக்கழகப் பேராசிரியர் கே.பி. ராவ் பல ஆண்டு வேலை செய்து சொன்னது. ஒரு கல்லில் குழி குழியாகச் செதுக்கியிருப்பது சப்தரிஷி மண்டலம் என்கிறார்கள். 2025 மார்ச்சில், உலகப் பாரம்பரியச் சின்னமாகப் பரிசீலிக்க வேண்டிய இடங்களுக்கான யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் முடுமால் சேர்ந்தது.

எனக்கு அங்கே பிடித்தது பட்டியல் இல்லை. ஊர்க்காரர்கள் அந்தக் கற்களை 'நிலுவு ராள்ள திம்மப்பா' என்கிறார்கள். ஒரு கல்லை எல்லம்மா என்று கும்பிடுகிறார்கள். வீட்டில் தெலுங்கு பேசுகிற நம் தெற்குத் தெருக்காரர்களுக்கு நான் அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை: நின்ற கற்களின் திம்மப்பன். என் அம்மா வண்டியிலிருந்து இறங்கிப் பார்த்துவிட்டு, 'அட, நம்ம குத்துக்கல்லு! இங்கே குடும்பத்தோட இருக்குது' என்றாள். வெயில் சாய்கிற நேரம். எண்பது கல்லின் நிழலும் ஒரே பக்கமாக நீண்டு கிடந்தது. அப்போதுதான் உறைத்தது. அங்கே ஒரு கல்லை நகர்த்தினால் ஒரு கல் மட்டும் போகாது. வரிசை போய்விடும், திசை போய்விடும். நம்முடையது ஒற்றைக்கல் என்று நினைக்கிறோம். அதன் அகன்ற முகம் எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது என்று நம்மில் யாராவது காம்பஸ் வைத்துப் பார்த்திருக்கிறோமா? கிழக்கே பெரியப்பா மாந்தோப்பு வரப்பில் பாதி புதைந்து கிடக்கிற உருண்டைக் கற்கள் வட்டமாகப் போகிற மாதிரி இல்லையா? அந்த வட்டத்தின் மேல்தான் புது ரோட்டின் ஓரம் வரப்போகிறது.

பிரான்சில் கர்னாக் என்றொரு ஊர். புதிய கற்காலத்துக் குத்துக்கற்கள் ஆயிரக்கணக்கில் வரிசையாக நிற்கிற, உலகமே போய்ப் பார்க்கிற இடம். 2023-இல் அங்கேயே ஒரு கடை கட்டுவதற்காக 39 சிறு கற்களை அப்புறப்படுத்திவிட்டதாக உள்ளூர் ஆய்வாளர் ஒருவர் சொல்ல, பெரிய செய்தியானது. அவை பழங்காலத்துக் கற்கள் என்பதே நிச்சயமில்லை என்று அரசு தரப்பில் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் திரும்பப் போய்ப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல அங்கே கல் இல்லை. 2025 ஜூலையில் கர்னாக் உலகப் பாரம்பரியச் சின்னமாகிவிட்டது. அந்த 39 கல் கணக்கு அப்படியே நிற்கிறது. இத்தனை பேர் கண் வைத்திருக்கிற ஊரிலேயே இப்படி என்றால், நம் மேலக்கொல்லை எம்மாத்திரம்?

சரி, என்னதான் செய்வது? பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கச் சொல்லி மனுப் போடலாம். 1966-ஆம் ஆண்டு மாநிலச் சட்டத்தில் வழி இருக்கிறது, போடுவோம். ஆனால் தமிழ்நாட்டில் குத்துக்கல், கல்வட்டம், நடுகல் எத்தனை, துறைக்கு ஆள் எத்தனை? மனு வரிசையில் நிற்கும்போது ரோடு வந்துவிடும். அதனால் அதற்கு முன்னால் நம் கையிலேயே இருக்கிற ஒன்றைச் செய்வோம். கல்லை ஊர்க்கணக்கில் ஏற்றுவோம்.

வி.ஏ.ஓ. அலுவலகத்தில் அ-பதிவேட்டைப் பிரித்துப் பாருங்கள். புறம்போக்குக்கு எதிரே வண்டிப்பாதை, குட்டை, பாறை, களம், சுடுகாடு என்று ஒவ்வொன்றும் எழுதியிருக்கும். குத்துக்கல் நிற்கிற சர்வே எண்ணுக்கு எதிரே 'வண்டிப்பாதை' என்று மட்டும்தான் இருக்கிறது. புல வரைபடத்திலும் அது இல்லை. இஞ்சினியர் மேல் என்ன தப்பு? அவருக்குக் கொடுத்த காகிதத்தில் கல்லே கிடையாது. அதே வரைபடத்தில், பெரியப்பா வரப்பு மூலையில் முக்கால்வாசி மண்ணுக்குள் புதைந்து கிடக்கிற சர்வே கல் இருக்கிறது. அதைப் பிடுங்கினால் 1923-ஆம் ஆண்டு நில அளவைச் சட்டப்படி தண்டனை. ஒரு முழம் சர்வே கல்லுக்குச் சட்டம் காவல் நிற்கிறது, அதற்கு இருபதடி தள்ளி நிற்கிற இந்த நெடுங்கல்லை எவனும் கேட்க நாதியில்லை. இது சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

வருகிற கிராம சபையில் ஒரு தீர்மானம் போடுங்கள். கல்லும் அதைச் சுற்றியுள்ள கல்வட்டமும் நிற்கிற இடத்தை அளந்து வரைபடத்தில் குறித்து, அ-பதிவேட்டுக் குறிப்பில் 'தொல்லியல் இடம்' என்று எழுத வேண்டும் என்று வருவாய்த் துறையைக் கேட்டு ஒன்றே ஒன்று. நகல் கலெக்டருக்கு, தொல்லியல் துறைக்கு, கனிமவளத் துறைக்கு. கடைசியாகச் சொன்னது முக்கியம். மேலக்கரட்டில் என்றைக்காவது குவாரிக்கு யாராவது குத்தகை கேட்டால் முதலில் பார்ப்பது வருவாய்க் கணக்கைத்தான். தீர்மானம் வெறும் காகிதம் என்று சொல்கிற அண்ணன்களுக்கு மதுரைப் பக்கத்து அரிட்டாபட்டியை நினைவுபடுத்துகிறேன். டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராக அந்த வட்டாரத்துக் கிராம சபைகள் போட்ட தீர்மானங்களும் மதுரைக்கு நடந்துபோன சனமும் சேர்ந்துதான் 2025 ஜனவரியில் அந்தச் சுரங்கத்துக்கான ஏலத்தை ரத்து செய்யவைத்தன.

பெரியப்பாவுக்குத் தனியாக ஒரு வார்த்தை. தொல்லியல் என்று வாயெடுத்தாலே தோப்பைப் பிடுங்கிக்கொள்வார்கள், நூறு மீட்டருக்கு வீடு கட்ட விடமாட்டார்கள் என்று நீங்கள் பயப்படுவது எனக்குத் தெரியும். உங்கள் பயம் வெறும் பயம் இல்லை. அந்த நூறு மீட்டர் தடையும் அதற்கு மேல் இருநூறு மீட்டர் கட்டுப்பாடும் சட்டத்தில் உண்டு. ஆனால் அது மத்திய அரசு பாதுகாக்கிற சின்னங்களுக்கு. நான் கேட்பது பதிவேட்டில் ஒரு குறிப்பு. அளக்கும்போது கூட நில்லுங்கள். உங்கள் பட்டா எல்லையில் ஒரு லிங்க்ஸ் குறைந்தால் முதல் ஆட்சேபணை மனு நானே எழுதித் தருகிறேன்.

புதையல் விவகாரத்தையும் மறைக்க வேண்டாம். மூன்று வருடத்துக்கு முன் அமாவாசை ராத்திரி யாரோ கல்லின் கிழக்கே மார்பளவு தோண்டியிருந்தார்கள். உள்ளூர் ஆளா வெளியூர் ஆளா என்று கிளற நான் வரவில்லை. விடிந்து நான் போனபோது மேலே கொட்டிய மண்ணில் உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமாகப் பளபளவென்று ஓட்டுச்சில்லுகள், துருப்பிடித்த ஒரு இரும்புத் துண்டு, வெள்ளை வெள்ளையாக எலும்புத் தூள். அந்தச் சில்லுகள்தான் புதையல். இது யாரோ ஒருவரைச் சோறும் சட்டியுமாக வழியனுப்பிய இடம். தங்கம் இருக்காதா என்று இன்னும் கேட்கிறவர்களுக்கு: அப்படியே இருந்தாலும் 1878-ஆம் ஆண்டுச் சட்டப்படி கலெக்டரிடம் சொல்லியாக வேண்டும், ராத்திரியில் மண்வெட்டி எடுத்தவருக்கு மிஞ்சுவது கேஸ்தான்.

ஆடி மாதத்துப் பூசையை நிறுத்தச் சொல்லுவார்களோ என்று அக்காமார்கள் கேட்டதாகத் தம்பி சொன்னான். நான் சொல்லமாட்டேன். படித்தவர்கள் சிலருக்கு மஞ்சள் குங்குமத்தைக் கண்டால் முகம் சுளிக்கும். ஆனால் இந்தக் கல் இத்தனை தலைமுறை தப்பியது அந்த மஞ்சளால்தான். மேலக்கரட்டில் இருந்த பாண்டவர் வீட்டுப் பலகைகள் எங்கே போயின? பாதி நம் வீட்டு வாசற்படி, மீதி வாய்க்கால் பாலம். பூசை இல்லாத கல்லுக்கு அந்தக் கதி. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: கற்பூரத்தைக் கல்லின் மேலேயே கொளுத்த வேண்டாம். நம் ஊர்க் கல்லுடைக்கிறவர்கள் பாறை மேல் தீ மூட்டித்தான் பலகை பலகையாகப் பெயர்ப்பார்கள். அதே வேலையைக் கற்பூரம் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்கிறது. அடியில் தோசை மாதிரி உரிந்திருப்பதைத் தடவிப் பாருங்கள். ஐந்தடி தள்ளி ஒரு விளக்குக்கல் போட்டுக்கொள்வோம், அதற்கும் குழி வெட்டாமல். எண்ணெய் தேய்ப்பதும், தேர்தலுக்குத் தேர்தல் கட்சிக்காரர்கள் சுண்ணாம்பு அடிப்பதும் வேண்டவே வேண்டாம். அடியில் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளே தங்கிக் கல்லை அரிக்கும். மாடு கட்டுகிற கயிறு தேய்த்த தடம் மேற்கு விளிம்பில் விரல் ஆழத்துக்கு இருக்கிறது. அது போனது போகட்டும், இனிமேல் பக்கத்துப் புங்க மரத்தில் கட்டுவோம்.

மிச்சம் ரோடுதான். ரோடு வேண்டாம் என்று சொல்கிற அளவுக்கு நான் ஓசூர்க்காரன் ஆகிவிடவில்லை. மழைக்காலத்தில் அந்தப் பாதையில் பிரசவத்துக்கு ஆம்புலன்ஸ் வராமல் டிராக்டரில் போனவர்களை எனக்குத் தெரியும். கல்லையும் வட்டத்தையும் விட்டு ரோட்டை வடக்கே பன்னிரண்டடி தள்ளினால் போதும், வளைவுகூடப் பெரிதாகத் தெரியாது. வடக்கே இருப்பது எங்கள் கொல்லை. அப்பா இருந்தபோது நட்ட இரண்டு பெங்களூரா மாமரம் அந்தப் பன்னிரண்டடிக்குள் வருகிறது. அம்மாவிடம் கேட்டுவிட்டேன். ஊராட்சி பெயருக்குத் தானப் பத்திரம் எழுதித் தருகிறோம், பத்திரச் செலவுக்கு அந்த ஐயாயிரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வருடம் காய் இறங்கிய பிறகு மரத்தை வெட்டிக்கொள்ளலாம். கிராம சபை அன்று புல வரைபட நகலும் ஐம்பது மீட்டர் டேப்பும் கொண்டு வருகிறேன். சர்வேயரை மட்டும் யாராவது பேசி வையுங்கள்.

இப்படிக்கு,
நடு ஸ்டம்ப் வரைந்தவன்